மாடிச் சாப்பாடு

ஜூன் 3, திங்கள்

இன்றைக்கும் சாம்பாரில் பருப்பைத் துழாவித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வருடச் சம்பளம் அதில் பாதிகூட வராது. கேட்டால் சமையல்காரி, "தண்ணி கூடிப் போச்சு அண்ணாச்சி" என்கிறாள். தண்ணி தானாக நடந்து வந்து சட்டிக்குள் குதித்ததாம்.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் தெரியட்டும். என் பெயர் உச்சிமாகாளி. வயது எழுபத்து மூன்று. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர், பெரும்பாலும் திருநெல்வேலி–தென்காசி தடம். மனைவி பேச்சியம்மாள் போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகன் இசக்கிராஜ், கமிஷன் வியாபாரம் செய்கிறான், பாளையங்கோட்டையில் நான் கட்டிய வீட்டில் அவன் மனைவி வினோதாவோடு இருக்கிறான். நான் தென்காசிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற இந்த அந்திநிழல் முதியோர் இல்லத்தில், மாடியில் பதினாலாம் நம்பர் அறையில், ஒன்றரை வருடமாக இருக்கிறேன். யாரும் துரத்திவிடவில்லை. நானாகத்தான் வந்தேன். இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது.

இங்கே இரண்டு வகை ஆட்கள். மாடியில் இருப்பவர்கள் காசு கட்டித் தங்குகிறவர்கள், பதினாறு பேர். கீழே கூடத்தில் இருப்பவர்கள் யாருமற்றவர்கள், முப்பது பேர். பிறந்தநாள், திதி என்று வெளியாட்கள் பணம் கட்டிக் கூடத்துக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு போடுவார்கள். இலை விரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கடைசியில் எல்லோரும் கைதட்டி வாழ்த்த வேண்டும். மாடிக்காரர்களுக்கு அந்தக் கூத்தெல்லாம் கிடையாது. தட்டில் தனிச் சாப்பாடு, புதன்கிழமை மீன். நான் மாடி.

பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் டிரிப் ஷீட்டில் டிக்கெட் நம்பரை எழுத வேண்டும். அடித்துத் திருத்தினால் மெமோ. அந்தப் பழக்கத்தில்தான் இந்த நோட்டும். அடித்தல் திருத்தல் கிடையாது. ஏப்ரல் 9ஆம் தேதிப் பக்கம் மட்டும் இல்லை. தைலம் கொட்டிவிட்டது, கிழித்துப் போட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இசக்கிராஜ் வந்தான். புதுக் காரில் வந்தான். வெள்ளைக் கார். வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்ததும் கூடத்துக்காரர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என் அறையில் கூட இருப்பவர் ஞானதுரை, ரிட்டயர்டு சர்வேயர். பேச்சையும் சங்கிலி போட்டு அளந்துதான் விடுவார். "கார் எப்பம் வாங்குனான்?" என்றார்.

"மார்ச்சுல."

"ம்" என்றார்.

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மகன் துபாயிலிருந்து பணம் அனுப்புவதோடு சரி, எட்டிப் பார்ப்பதில்லை. வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்.

"பென்சன் வந்துட்டால?" என்று இசக்கியிடம் கேட்டேன்.

"வந்துட்டுப்பா. அன்னைக்கே இங்க கட்டிட்டேன். நீங்க எதுக்கு அதையெல்லாம் போட்டு யோசிக்கிய?"

சரிதான். பென்ஷன் இருபத்து மூவாயிரம். கார்டு அவனிடம் இருக்கிறது, பேங்க் மெசேஜும் அவன் போனுக்குத்தான் போகும். எனக்கு எதற்கு அந்தத் தொல்லை? இல்லத்துக்குக் கட்டியது போக மீதியில் எனக்கு மருந்து வாங்கி வருவான். இந்த மாதம் மருந்தை மறந்துவிட்டான். போன மாதமும். பிள்ளைக்கு வேலை நெருக்கடி.

வாழைப்பழம் வாங்கி வந்திருந்தான். இருபது நிமிடம் இருந்தான். மேனேஜர் ஸ்டெல்லா மேடம் ஆபீஸிலிருந்து எழுந்து வருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டான். அவசர வேலையாம்.

ஜூன் 12, புதன்

ஞானதுரைக்கு மீன். எனக்கு இல்லை. ஏன் என்று கேட்டால் பரிமாறுகிற புஷ்பம் தலையைச் சொறிகிறாள்.

ஜூன் 20, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டரைக்குப் புஷ்பம் வந்தாள். "அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க கீழ சாப்பிடணுமாம்."

மாடியில் ஏதோ வேலை நடக்கிறது போல என்று நினைத்து இறங்கிப் போனேன். போனால், கூடத்தில் பாயில் வரிசையாக இலை. யாரோ ஒரு டைல்ஸ் கடைக்காரருடைய மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். என்னைக் கொண்டுபோய் இரண்டாவது வரிசையில், காது கேட்காத மாடத்திக்கும், எப்போதும் தூங்கி வழிகிற ஒரு ஆளுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். கேசரி வைத்தார்கள். கேசரி வைக்கிற கையைக்கூடப் பார்க்காமல் அந்த அம்மாள் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேசரி என் இலைக்கு வெளியே விழுந்தது.

"தாத்தா, பாப்பாவ ஆசீர்வாதம் பண்ணுங்க. இந்தப் பக்கம் பாருங்க, இந்தப் பக்கம்" என்றான் ஒருவன், போனை நீட்டிக்கொண்டு.

நான் டைல்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "எத்தன பேருக்குக் கட்டுனிய?"

"முப்பத்தொரு பேருக்குங்கய்யா."

ஓடுகிற பஸ்ஸில் ஒரு பார்வையில் தலை எண்ணுகிறவன் நான். கூடத்துக்காரர்கள் முப்பது பேர். யாரும் புதிதாகச் சேரவில்லை. முப்பத்தொன்றாவது தலை என்னுடையது!

எங்கள் வேலையில் இதற்குப் பெயர் உண்டு. ஒரு சீட்டுக்கு இரண்டு பேரிடம் காசு வாங்குவது. என் மகனிடம் பதினெட்டாயிரத்தை வாங்கிக்கொண்டு, அதே வாயைக் காட்டி டைல்ஸ் கடைக்காரரிடமும் வாங்குகிறாள் அந்த ஸ்டெல்லா. இந்த வேலையைச் செய்த இரண்டு கண்டக்டர்கள் சஸ்பெண்ட் ஆனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எழுந்து வந்துவிட்டேன். இலையை மடிக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஆபீஸுக்குப் போய் மேஜையில் தட்டினேன். கண்ணாடித் தம்ளர் உருண்டது. ஸ்டெல்லா மேடம் அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை. சத்தம் போட்டுப் பேசவே மாட்டாள், அதுவே எனக்கு எரிச்சல்.

"காசும் வாங்குவிய, என்னையக் காட்டிப் பிச்சையும் எடுப்பியளோ?"

"அண்ணாச்சி, கோவப்படாதிய. நீங்க ஒருதடவ உங்க மவன்ட்ட பேசுங்க."

"எம்மவன்ட்ட எதுக்குப் பேசணும்? உங்ககிட்டல்லா கேக்கேன்!"

"பேசுங்க அண்ணாச்சி. நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்காவ."

எடுக்க மாட்டானாம். வேலை நேரத்தில் கண்டவர்களும் போன் போட்டால் எவன் எடுப்பான்? ரசீது புத்தகத்தைக் காட்டு என்றேன். ட்ரஸ்டிகள் வரும்போது காட்டுகிறேன் என்றாள். பார்த்தீர்களா? ரசீது காட்டப் பயப்படுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 26, புதன்

இசக்கிக்கு ஆறு நாளாகப் போன் போடுகிறேன். மணி அடிக்கிறது. டவர் பிரச்சினையாக இருக்கும்.

இன்றும் கூடத்தில் யாருக்கோ திதி. புஷ்பம் வந்து நின்றாள். "எனக்குப் பசிக்கல, போ" என்றேன். வாசல் கடையில் பன் வாங்கித் தின்றேன். எட்டு ரூபாய். பழைய பன்.

ஜூலை 2, செவ்வாய்

கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன். நாலு பக்கம். 'கட்டணம் செலுத்தும் முதியோரை ஆதரவற்றோர் என்று காட்டி நன்கொடை வசூலிக்கும் மோசடி பற்றி' என்று தலைப்பு. மாடிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினேன். பதினாலு பேர் போட்டார்கள். ஞானதுரை மட்டும் போடவில்லை.

"ஏம்வே, பேனா மை தீர்ந்துட்டா?" என்றேன்.

"மனு குடுக்கதுக்கு முன்னால மவன்ட்ட ஒரு வார்த்த கேளும்வே."

"அவன் கட்டிட்டேன்னு சொல்லிட்டான்."

"ரசீது காட்டுனானா?"

சொந்தப் பிள்ளையிடம் ரசீது கேட்கச் சொல்கிறார்! முப்பது வருடம் ஊரான் நிலத்தில் கல் நட்டுக் கல் நட்டு, இந்த ஆளுக்கு எல்லோரும் அடுத்தவன் வரப்பைத் திருடுகிறவர்களாகவே தெரிகிறார்கள். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது கஷ்டம்தான். அவர் தும்மினால் 'நூறு' என்று வாய்வரை வந்துவிடுகிறது.

ஜூலை 7, ஞாயிறு

பால்துரை போன் போட்டான். பன்னிரண்டு வருடம் எனக்கு டிரைவராக ஓட்டியவன். நான் விசில் ஊதுவதற்கு முன்னால் வண்டியை எடுக்க மாட்டான், அப்படி ஒரு ஜோடி.

எடுத்ததும் அழுகிறான். "மாகாளி, ஏம்வே ஒரு வார்த்த சொல்லல? நாங்க இல்லையாவே ஒமக்கு?"

விஷயம் என்னவென்றால், அந்த டைல்ஸ் கடைக்காரன் பிறந்தநாள் போட்டோக்களைப் போட்டிருக்கிறான். 'ஆதரவற்ற முதியோருடன் எங்கள் செல்லத்தின் பிறந்தநாள்.' அது சுற்றிச் சுற்றி எங்கள் டிப்போ ஆட்களின் வாட்சப் குரூப்புக்கு வந்துவிட்டது. இரண்டாவது வரிசையில், மாடத்திக்குப் பக்கத்தில், கேசரியை முறைத்துக்கொண்டு நான்.

"ஆளுக்கு ஐநூறு போடுதோம்வே. இருபத்தொம்பது பேரு சேந்துட்டாவ" என்றான்.

எனக்கு வசூல்! நான் நாதியற்றவன் என்று என் டிப்போவில் வசூல்! பால்துரையை வாயில் வந்தபடியெல்லாம் திட்டிவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிவே, சாப்பிட்டேரா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

பால்துரையிடம் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஓசி என்பதே என் வாழ்க்கையில் கிடையாது. பெற்ற அப்பனுக்கே டிக்கெட் கிழித்தவன் நான்.

1983. சித்திரை மாதம், மத்தியானம். என் அப்பா திருநெல்வேலியில் என் வண்டியில் ஏறினார். பாவூர்சத்திரத்தில் எங்கள் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். மகன் வண்டிதானே என்று சிரித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் போய்க் கை நீட்டினேன். வண்டி முழுக்கப் பார்த்தது. மடியை அவிழ்த்து எண்ணிப் பார்த்தார். ஆலங்குளம் வரைக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டார். ஆலங்குளத்தில் இறங்கிக்கொண்டார். அங்கே அவருக்கு ஏதோ வேலை இருந்திருக்கும். நான் விசில் ஊதினேன், வண்டி கிளம்பியது.

அப்புறம் இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நேர்மைக்காரனுக்கு அந்தக் காலத்திலேயே அதுதான் மரியாதை.

ஜூலை 29, திங்கள்

அக்கிரமம் உச்சிக்குப் போய்விட்டது. ட்ரஸ்ட்டிலிருந்து கடிதமாம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி முதல் என் கட்டில் கீழே கூடத்துக்கு மாற்றப்படுகிறது. பதினாலாம் நம்பரில் வேறு ஆள் வருகிறார். புஷ்பம் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடி வாங்குகிறவள் போல ஒதுங்கி நின்றாள்.

மனு போட்டதற்குப் பழிவாங்கல், வேறென்ன? இந்த ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். ஜூலையில் சாரல் உள்ளேயே வரும். பேச்சியின் படத்தை இந்தச் சுவரில்தான் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கீழே அவளை எங்கே மாட்டுவது? கைகழுவுகிற இடத்துக்கு மேலேயா?

இசக்கிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது.

ஞானதுரை தன் சங்கிலி மௌனத்தை விட்டுவிட்டு, "நான் ரெண்டு மாசத்துக்குக் கட்டட்டுமாவே?" என்றார். "எனக்கு எதுக்குவே நீரு கட்டணும்? கட்டியாச்சுன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்!" என்று கத்தினேன். அவர் பைபிளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

ஆடி அமாவாசைக்குச் சாப்பாடு போட எப்போதும் போட்டி இருக்கும். இன்றைக்கு நானே இறங்கிப் போனேன். எல்லார் முன்னாலும் ரசீது புத்தகத்தைத் திறக்க வைப்பது என்று முடிவு செய்துதான் போனேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் நடு வழியில்தானே ஏறுவார், டிப்போவிலா ஏறுவார்? அதே இரண்டாவது வரிசையில், அதே இடத்தில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா மேடம் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒருநாள் நீங்க மாடியிலயே சாப்பிடுங்க. நானே கொண்டாந்து தாரேன்."

"ஏன்? இன்னைக்குத் தலை கூடிப் போச்சா?"

அவள் முகம் வெளுத்துப் போனது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பிடிபட்டாள் என்று நினைத்தேன்.

மைக்கில் புஷ்பம் சீட்டைப் பார்த்துப் படித்தாள். "இன்றைய மதிய உணவு, திருமதி வினோதா குடும்பத்தார், அமரர் பேச்சியம்மாள் அவர்கள் நினைவாக..." படித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

வாசலில் வெள்ளைக் கார்.

பட்டுச்சேலை கட்டி வினோதா வந்தாள், கையில் பாயசத் தூக்கு. பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு இசக்கிராஜ். வினோதா அவள் போனில் புக் பண்ணியிருக்கிறாள். மாமியாருக்கும் செய்த மாதிரி, மாமாவையும் பார்த்த மாதிரி என்று. நான் மாடியில் தட்டில் சாப்பிடுகிறவன் என்றுதான் அவர்கள் கணக்கு. குனிந்து முதல் வரிசைக்கு ஊற்றினான். நிமிராமல் இரண்டாவது வரிசைக்கு வந்தான். மாடத்தி இலைக்கு ஊற்றினான். அடுத்தது என் இலை. முதலில் என் கையைத்தான் பார்த்தான். சுற்றிப் பிடித்த விசில் கயிறு அறுத்த தழும்பு இருக்கிற கை.

"எப்பா" என்றான்.

"எத்தன பேருக்குல போட வந்தே?"

வினோதாதான் சொன்னாள். "முப்பத்தொரு பேருக்கு மாமா. நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கிய? ஏன் கீழ உக்காந்திருக்கிய?"

"அதத்தான் நானும் ரெண்டு மாசமா கேக்கேன். கூடத்துல முப்பது பேருதான். அந்த முப்பத்தொண்ணாவது ஆளு யாருல?"

வாளி தரையில் இடித்தது. பாதி சாம்பார் அவன் வேட்டியில். வினோதா ஸ்டெல்லாவைப் பார்த்தாள், ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் வினோதா. "மாமாவுக்கு மாசாமாசம் கட்டுதோம்லா?"

"மார்ச்சுல இருந்து வரலம்மா. அஞ்சு மாசம். மூணு மாசம் வரலன்னா வெளிய அனுப்பணும்னு ட்ரஸ்ட்ல சட்டம். நான்தான் அன்னதானப் பட்டியல்ல பேரச் சேத்து, ரூம விட்டு எறக்காம வச்சிருந்தேன். அண்ணாச்சிட்ட சொன்னா தாங்க மாட்டாவ."

"பென்சன் பணத்த என்ன செஞ்சிய?" என்று வினோதா அவனைக் கேட்டாள். அவ்வளவு பேருக்கு நடுவில். "கார் டியூ கமிசன்ல கட்டுதேன்னு சொன்னிய?"

அவன் என்னைப் பார்த்தான். ஐந்து வயதில் என் பணப்பையில் நாலணா எடுத்தபோது பார்த்த அதே பார்வை. அன்றைக்கு அடித்தேன். இன்றைக்கு அடிக்க எனக்குக் கை எழவில்லை.

"ஊத்து" என்றேன்.

"எப்பா..."

"எம்பொண்டாட்டிக்குப் போடுத சோறு. ஊத்துல!"

ஊற்றினான். குனிந்த தலை நிமிராமல் அத்தனையும் சாப்பிட்டேன். சாம்பார், பொரியல், அப்பளம், பாயசம். பேச்சிக்காகச் சாப்பிட்டேன். என் பென்ஷனில் வாங்கிய அரிசிதான். உப்பு சரியாக இருந்தது. கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

கட்டிலைக் கீழே இறக்கினார்கள். ஒரு கால் ஆடுகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இசக்கி தனியாக வந்தான். கூடத்தில் என் கட்டிலில் உட்காரப் போனான். "நில்லு" என்றேன். நின்றுகொண்டே பேசினான். வியாபாரம் படுத்துவிட்டதாம். ஒரு மாதம், இரண்டு மாதம் சமாளித்துவிடலாம் என்று நினைத்தானாம். அழுதான்.

"வீட்டுக்கே வந்துருங்கப்பா. இந்தப் பீஸே வேண்டாம்லா."

பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஒரு நிமிடம் எல்லாம் மறந்துபோனது. டிரங்குப் பெட்டி எங்கே என்றுகூடக் கண் தேடியது. "எந்த ரூம்ல?" என்று கேட்டேன்.

"உங்க ரூம்ல ஆபீஸ் போட்டிருக்கேன்லாப்பா. கார் ஷெட்ல ஒரு தடுப்பு அடிச்சுத் தாரேன். ஃபேன் போட்டுருவேன்."

நான் செங்கல் எண்ணி எண்ணிக் கட்டிய வீடு. அதில் காருக்குப் பக்கத்தில் நான். ஆபீஸ் போட அந்த அறை வேண்டும் என்று அவன் சொன்ன வாரம்தான் நான் 'நானாக' இங்கே வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், இனி என்ன.

"நான் வந்தா பென்சன் உங்கிட்டயே இருக்கும், என்ன?" என்றேன். அவன் போய்விட்டான்.

ஏப்ரல் 9ஆம் தேதிப் பக்கத்தில் தைலம் கொட்டவில்லை. அன்றைக்கு ஸ்டெல்லா மேடம் அறைக்கு வந்து, "அண்ணாச்சி, மார்ச் மாசப் பணம் இன்னும் வரல, மவன்ட்ட கொஞ்சம் கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். நான் அவளைத் திருடி என்றேன். அப்புறம் அதை நோட்டில் எழுதினேன். எழுதியதைப் படித்தேன். படித்தபோது, மார்ச்சில் அவன் கார் வாங்கியது அந்தப் பக்கத்திலேயே நாலு வரி மேலே இருந்தது. கிழித்துவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு டிரிப் ஷீட்டைத் திருத்தாதவன், இதைக் கிழித்தேன். நாலு பக்க மனுவின் நகலையும் இன்றைக்குக் கிழித்தேன். கலெக்டருக்குப் போனது போனதுதான், நாளை இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

ஸ்டெல்லாவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "அந்தப் போட்டோவ எவனும் போடாம பாத்திருக்கலாம்லா?" என்றுதான் வாயில் வந்தது. "தப்புதான் அண்ணாச்சி" என்றாள். அப்படிச் சொன்னால் எப்படிச் சண்டை போடுவது?

ஆகஸ்ட் 7, புதன்

பால்துரைக்கு நானே போன் போட்டு வரச் சொல்லி, அவனோடு திருநெல்வேலி போனேன். பஸ்ஸில் எனக்கு பாஸ் உண்டு. காட்டவில்லை, டிக்கெட் எடுத்தேன். பால்துரை தலையில் அடித்துக்கொண்டான்.

பேங்கில் பழைய கார்டை நிறுத்தி, போன் நம்பரை மாற்றி, புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "உங்க பையனுக்குத் தெரியுமா சார்?" என்றாள். "இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்றேன்.

பாக்கி தொண்ணூறாயிரம். மாதக் கட்டணம் போக மிஞ்சுகிற ஐயாயிரத்தை மாதாமாதம் கட்டினால் பதினெட்டு மாதம். மருந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்வேன். டிப்போ ஆட்கள் சேர்த்த பணத்தைப் பால்துரை என் கையில் வைத்தான், அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாங்க மாட்டேன் என்றான். சட்டைக்குள் திணித்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

என் கையால் பணம் கட்டி என் பெயருக்கு ரசீது வாங்கினேன். ட்ரஸ்ட்டில் பேசி மாடியில் இடம் வாங்கித் தருகிறேன் என்றாள் ஸ்டெல்லா. பாக்கி தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்றேன். ஞானதுரை போன புதனன்று தன் மீனில் பாதியைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தார். "நான் ஓசிக்குத் தின்ன மாட்டேன்வே" என்றேன். "தொலையும், அடுத்த வருசம் திருப்பித் தாரும்" என்றார். நல்ல சாளை மீன். பேச்சியின் படத்தை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இசக்கி வந்தான். கார் சத்தம் கேட்கவில்லை. பைனான்ஸ்காரன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். பஸ்ஸில் வந்திருக்கிறான். வெயிலில் முகம் கறுத்திருந்தது. என் மருந்து வாங்கி வந்திருந்தான்.

மருந்தை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். சாப்பாட்டு மணி அடித்தது. இன்றைக்கு யாரும் போடுகிற நாள் இல்லை, இல்லத்துச் சாப்பாடு. புஷ்பம் வந்து, "தம்பியும் சாப்பிடட்டுமே அண்ணாச்சி" என்றாள்.

"விருந்தாளிச் சாப்பாடு அறுபது ரூவா. ஆபீஸ்ல கட்டிட்டு வரச் சொல்லு" என்றேன்.

கட்டிவிட்டு வந்தான். ரசீதை என் முன்னால் வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். மோர் கேட்டு வாங்கினான். அவன் அம்மாவும் இப்படித்தான், மோர் இல்லாமல் எழுந்திருக்க மாட்டாள்.

கை கழுவிவிட்டுக் கிளம்பினான். கேட் வரைக்கும் போனேன், நடை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நடந்தான். அந்தத் தடவல் எனக்குத் தெரியும். டிக்கெட்டுக்குக் காசு காணாதவன் தடவுகிற தடவல்.

"பஸ்ஸுக்கு இருக்கால?"

"இருக்குப்பா. அக்கவுண்ட்ல இருந்ததையும் பைனான்ஸ்காரன் புடிச்சிட்டான். கையில இருவத்தஞ்சு ரூவா கெடக்கு. ஆலங்குளம் வரைக்கும் போயிருவேன். அங்கன எவன்ட்டயாவது வண்டி கேட்டு..."

ஆலங்குளம்.

நின்றுவிட்டேன். என் அப்பா மடியை முடிந்துகொண்டு இறங்கியது கண்ணுக்கு வந்தது. சித்திரை வெயில். அங்கிருந்து பாவூர்சத்திரத்துக்கு எட்டு மைல். அவருக்கு ஆலங்குளத்தில் ஒரு வேலையும் இல்லை.

ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்தேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தான். கையைத் தட்டிவிட்டேன்.

"கோவம் தீந்துட்டுன்னு நெனச்சுராத. ஒனக்கு நான் ஒரு வருசத்துக்கு வச்சிருக்கேன். ஆனா முழு டிக்கெட் எடுத்துட்டுப் போ. ஆலங்குளத்துல எறங்குனேன்னு கேள்விப்பட்டேன், தோலை உரிச்சுருவேன்!"

பஸ் வந்தது. ஏறினான். கண்டக்டர் சின்னப் பையன், ஆள் ஏறி முடிப்பதற்குள் விசில் ஊதுகிறான். "ஏய், பாத்து ஊதுல!" என்று ரோட்டில் நின்று கத்தினேன்.